ஒருவர் மட்டும் வாசித்த கடிதம்

நமக்குப் பத்து வயதாக இருந்தபோது தெருவில் நமக்கென்று ஒரு தனி மதிப்பு இருந்தது. படிப்பில் சூரன் என்பதற்காக அன்று. கடிதம் வாசித்துக் காட்டும் பையன் என்பதற்காக. 1965, 1966ஆம் ஆண்டுகளில் நம் ஊர் ஆண்களில் பாதிப் பேர் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் இருந்தார்கள். மாதத்திற்கு ஒரு முறை நீலநிற விமானத் தபால் வரும். வீட்டில் மூத்த பெண்மக்கள் பலருக்குக் குர்ஆன் ஓத வரும். அரபுத் தமிழில் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வரும். தமிழ் எழுத்துத்தான் கைகொடுக்காது. ஆகவே தபால்காரர் தெருமுனையைக் கடக்குமுன் நம்மைத் தேடி ஆள் வந்துவிடும். வாசித்த கூலி, ஒரு துண்டு வட்டிலப்பம்.

உள்முற்றத்தில் பாய் விரிப்பார்கள். கடிதத்துக்கு உரியவர் நடுவில் அமர்வார். உம்மா, மாமி, மதினி, அண்டை வீட்டார் எல்லாரும் சுற்றிலும் இருப்பார்கள். உச்சியில் 786. அடுத்துச் சலாம். அந்தச் சலாம் ஓர் ஊர்வலம்: மாமாவுக்குச் சலாம், பெரியம்மாவுக்குச் சலாம், மேல வீட்டுக் காக்காவுக்குச் சலாம், விசாரித்தவர் அனைவருக்கும் சலாம் என்று அரைப்பக்கம் நீளும். அதன்பின் கேள்விகள். சின்னவனுக்குக் காது வலி தீர்ந்ததா? அடுப்படி ஓட்டை மழைக்கு முன் மாற்றினீர்களா? போன மாதம் அனுப்பிய பணத்தில் கடைக்காரர் பாக்கி போக மீதி எவ்வளவு? அன்பு, காதல் என்னும் சொற்களை அக்கடிதங்களில் நாம் கண்டதில்லை. ஆயினும் ஓட்டைப் பற்றிய அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட மாமி ஒருவரை நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று அந்த வயதில் நமக்கு விளங்கவில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் காட்சியை நாம் ஏன் இங்கே விரிக்கிறோம் என்றால், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மீண்டும் ஒரு முறை பிறருக்கு வந்த கடிதத்தை வாசிக்கும் நிலை நமக்கு நேர்ந்தது. அப்போது அது கைப்பேசியில் இருந்தது.

நம் சின்னம்மாவின் மகள் ஒருவர் உண்டு. பள்ளி ஆசிரியை, வயது ஐம்பத்தேழு. கணவர் சவூதியில் பல்லாண்டு உழைத்துத் திரும்பி, திரும்பிய மூன்றாம் ஆண்டில் நோயுற்று வஃபாத்தானவர். மகன் துபாயில், மகள் சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். நான்கு அறைகளும் இரண்டு தாழ்வாரமும் உள்ள வீட்டில் இரவில் எரிவது ஒரே ஒரு விளக்கு. அந்தத் தங்கை ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்து, தேநீர் ஆறும் வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "காக்கா, ரெண்டு லட்சம் கைமாத்தாக் கிடைக்குமா?" என்று கேட்டார். பிறரிடம் கடன் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எதற்கு என்று கேட்டோம். பதில் இல்லை. மறுநாளும் வந்தார். நாம் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்து நம் முன்னே வைத்துவிட்டு, நம் மனைவி இருந்த அறைக்குள் போய்விட்டார்.

நான்கு மாதச் செய்திகள். இஷாவுக்குப் பின் தொடங்கி நள்ளிரவு கடந்தும் வாசித்தோம்.

தொடக்கம் முகநூலில். கணவர் மறைந்த நாளன்று தங்கை ஒரு துஆ எழுதியிருந்தார். நோயின் பெயர், ஆண்டு, பிள்ளைகள் தொலைவில் இருப்பது எல்லாம் அதில் இருந்தன. அதன் கீழே ஒருவன் சலாம் சொல்லி ஆறுதல் எழுதியிருக்கிறான். தான் அறுவைச் சிகிச்சை மருத்துவனென்றும், பினாங்கில் பிறந்தவனென்றும், சர்வதேச மருத்துவக் குழுவோடு யமனில் பணியாற்றுவதாகவும், தமிழ் விளங்கும் ஆனால் எழுத வராது என்றும் சொல்லிக்கொண்டான். அவன் மனைவியும் அதே நோயில்தான் இறந்தாளாம். தங்கை எழுதி வைத்திருந்ததையே எடுத்து அவரிடமே திருப்பித் தந்திருக்கிறான் என்பது வெளியிலிருந்து வாசித்த நமக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. உள்ளே இருந்தவருக்கு அது விதியின் பொருத்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

முதல் இரு வாரம் "சகோதரி". பிறகு முகநூல் சரியாக வேலை செய்யவில்லை என்று வாட்ஸ்அப்புக்கு அழைத்துச் சென்றான். அதன்பின் நாள் தவறாமல் சுபுஹு நேரத்தில் ஒரு செய்தி, உறங்கும் முன் ஒரு செய்தி. ஹதீஸ் அனுப்புவான், நோன்பு வைத்தாயா என்று கேட்பான். இந்த மோசடிக்காரர்கள் மது அருந்தும் மேனாட்டுக்காரர் வேடத்தில்தான் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். யாரிடம் வருகிறார்களோ அவர் வீட்டு வாசலுக்கேற்ற உடையைத்தான் உடுத்து வருகிறார்கள். நம் வாசலுக்குத் தொப்பியோடு வந்தான், அவ்வளவுதான்.

வாசிக்க வாசிக்க நமக்கு ஓர் உறுத்தல். நூற்றுக்கணக்கான செய்திகளில் அவன் தங்கையைப் புகழாத நாளில்லை. ஆனால் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகனுக்கு வேலை எப்படி, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, முழங்கால் வலிக்கு மருந்து வாங்கினாயா, ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தான். "நம்மைப் பற்றி யாரிடமாவது சொன்னாயா?" எண்ணிப் பார்த்தோம், பதினொரு இடங்களில் இருந்தது. சொல்ல வேண்டாம், கண்ணேறு படும், நானே வந்து உன் மகனிடம் முறையாகக் கேட்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் காரணமும் சொன்னான். முற்றத்தில் பத்துப் பேர் கேட்க வாசித்த கடிதங்களில் வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்த கடிதத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

மூன்றாம் மாதக் கடைசியில் நிக்காஹ் பேச்சு. மஹராகத் தங்க நகைகளும் கைக்கடிகாரமும் ரொக்க டாலரும் பார்சலில் அனுப்பிவிட்டதாகப் படம் வந்தது. நான்காம் நாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, டில்லி விமான நிலையச் சுங்கத்தில் பார்சல் நிறுத்தப்பட்டிருக்கிறது, 42,500 ரூபாய் கட்டவேண்டும் என்றாள். கட்டினார். பார்சலைத் திறந்தபோது வெளிநாட்டுப் பணம் இருந்தது, அதற்குச் சான்றிதழ் எடுக்க 1,35,000 ரூபாய் என்றாள். கணவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த வளையல்களை அடகு வைத்துக் கட்டினார். மூன்றாவதாகக் கேட்டது 2,10,000. கட்டாவிட்டால் கள்ளப்பணக் குற்றத்தில் கைதாக நேரும் என்ற மிரட்டலோடு அது வந்தது. அதற்காகத்தான் நம்மிடம் வந்தது.

மஹர் என்பது மணமகன் மணமகளுக்குத் தருவது. தன் மஹரைத் தானே பணம் கட்டி மீட்கும் மணமகளை நம் ஊர் கண்டதில்லை. அந்தப் பழைய கடிதங்களிலும் பணம் உண்டு; ஆனால் அது அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தது.

மறுநாள் காலை நம் மகன் வழிப் பேரன் அந்த "மருத்துவரின்" படத்தை இணையத்தில் தேடினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வேறொரு நாட்டில், வேறொரு பெயரில், மனைவி மக்களோடு வாழும் ஒரு மனிதரின் படம் அது. தம் முகம் இப்படி ஊர் ஊராகக் கடன் வாங்கிக்கொண்டிருப்பதை அந்த மனிதர் அறிந்திருப்பாரோ என்னவோ. சுங்க இலாகாவின் பெயரில் வந்த கடிதத்தையும் பார்த்தோம். 2019 நவம்பர் முதல் அந்த இலாகாவின் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இடப்படுகிறது; உண்மையானதா என்று இலாகாவின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். தொலைபேசியில் அழைத்துத் தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் வரியைப் போடச் சொல்லும் வழக்கம் சுங்கத்திற்குக் கிடையாது. நம் கைக்கு வந்த கடிதத்தில் முத்திரை மூன்று இருந்தது, எண் இல்லை.

இவ்வளவையும் தங்கையிடம் சொன்னபோது அவர் அழவில்லை. "வீடியோவுல பேசினாரே காக்கா" என்றார். நாற்பது நொடி, மங்கலாக, முகாமில் இணைப்புச் சரியில்லை என்று துண்டிக்கப்பட்ட ஓர் அழைப்பு. அசையும் முகம் சான்றாக இருந்த காலம் முடிந்துவிட்டது என்பதைப் பலரும் இன்னும் உணரவில்லை. 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீசார் 27 பேரைப் பிடித்தார்கள். செயற்கை நுண்ணறிவால் செய்த பெண் முகங்களோடு ஆண்களிடம் பேசி, 36 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் கறந்த கூட்டம் அது. ஏமாந்தவர்களில் இந்தியாவில் இருப்போரும் உண்டு.

பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தோம். பிறகு மாவட்டத்தின் சைபர் குற்றப் பிரிவுக்கு நேரில் சென்றோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால் அது கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவுமுன் வங்கிகள் பிடித்து வைக்க வழியுண்டு. நாம் அழைத்தது இரண்டாம் தவணை போன ஒன்பதாம் நாள். 18,000 ரூபாய் ஒரு கணக்கில் தேங்கி நின்றது. அதுவும் அப்போது நீதிமன்ற உத்தரவு பெற்றே கைக்கு வரவேண்டியிருந்தது. அந்தக் கணக்கு வடமாநிலத்துக் கூலித் தொழிலாளி ஒருவருடையது; சில ஆயிரத்துக்குக் கணக்கை வாடகைக்கு விட்டிருந்தாராம். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. விதிக்க ஆள் அகப்பட வேண்டுமே. புகாரை எழுதிக்கொண்ட பெண் காவலர் மட்டும் மிகுந்த கண்ணியத்தோடு நடந்துகொண்டார். "டீச்சர், எந்த மெசேஜையும் அழிச்சிடாதீங்க" என்று அவர் சொன்னபோதுதான் தங்கை தலை நிமிர்ந்து பார்த்தார்.

துபாயிலிருந்த மகன் தொலைபேசியில் போட்ட சத்தம் நம் காதிலும் விழுந்தது. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா உம்மா?" பணம் போனதை அவர் ஒருவாறு தாங்கிக்கொண்டார், இந்த ஒரு கேள்வியில்தான் ஒடுங்கிப்போனார். மகனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை. ஏனென்று சொல்வதற்குத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பெருநாள் மாலையில் இதே தங்கை, நம் மனைவியும் நாமும் இருக்கையில், தம்மோடு பணியாற்றும் ஒரு கைம்பெண் ஆசிரியைக்கு மறுமணம் நடந்ததைச் சொன்னார். நல்ல மனிதராம், இருவரும் சேர்ந்து உம்ரா போய் வந்தார்களாம் என்றார். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். நாம் என்ன செய்தோம்? "ஐம்பது வயசுக்கு மேல கல்யாணமா, பேரப்பிள்ளைங்க தோழியாப் போவாங்களோ" என்று சிரித்தோம். அவரும் சிரித்தார். பேச்சு வேறு திசைக்குப் போயிற்று. யாரைப் பற்றி அவர் சொன்னார் என்பது நமக்கு அப்போதே தெரியும். தெரியாததுபோல் இருந்துவிட்டோம்.

இதைவிட நாணம் தரும் செய்தி ஒன்றுண்டு. தங்கை கைமாற்றுக் கேட்டு வந்த அதே வாரத்தில், ரபீயுல் அவ்வல் மாதத்து மீலாது மேடையில் நாம் பேசியிருந்தோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியரில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்களாய் இருந்தவர்களே என்பதை விரித்துரைத்தோம். கூட்டம் நன்றாகக் கேட்டது. மேடையில் திறந்து வைத்த கதவை வீட்டில் சாத்தி வைத்திருந்தோம். அவன் உடைத்துக்கொண்டு வரவில்லை. நாம் சாத்திய கதவின் மறுபுறம் நின்று மெல்லத் தட்டினான்.

இந்த மோசடி நம் காலத்துப் புதுமை என்று சொல்வார்கள், கருவிதான் புதிது. 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாடுகளில் "ஸ்பானியக் கைதி" என்றொரு கடித மோசடி பரவியிருந்தது. ஸ்பெயினில் சிறைப்பட்ட சீமான் ஒருவர், அவருக்கு ஆதரவற்ற அழகிய மகள், மறைத்து வைத்த செல்வம். கொஞ்சம் பணம் அனுப்பினால் எல்லாம் கைக்கு வரும், ஆனால் இரகசியமாக இருக்கட்டும் என்று கடிதம் வரும். அப்போது ஒரு கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆயின. இப்போது கட்டிலின் தலைமாட்டிலேயே வந்து விடிகிறது. படிப்பறிவில்லாதவர்தான் விழுவார் என்பதும் மெய்யன்று. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்திடம் 2022ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைப் புகார்கள் ஏறத்தாழ 70,000 வந்தன; இழப்பு 130 கோடி டாலர். சொல்ல வெட்கப்பட்டு வாய் மூடியவர்கள் அக்கணக்கில் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. அதில் பணமே கேட்பதில்லை. பல வாரம் பழகியபின், தான் முதலீட்டில் ஈட்டிய இலாபத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். ஒரு செயலியைக் காட்டுவார்கள். போட்ட பத்தாயிரம் பன்னிரண்டாயிரமாகத் திரையில் தெரியும். முதல் தடவை எடுக்கவும் விடுவார்கள். பெருந்தொகை போட்டபின் எடுக்கப் போனால், வரி கட்டு என்பார்கள். சீனத்தில் இதற்குப் பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று பொருள்படும் பெயர். ஏமாந்தவரை இழிவுபடுத்தும் அப்பெயரைக் கைவிடுமாறு 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. நமக்கும் அது நியாயமாகப் படுகிறது. பெயரைக் கேட்டே புகார் சொல்ல யார் வருவார்?

அக்கரையில் அமர்ந்து இதை எழுதுவது யார் என்று விசாரித்தபோது நம் கோபத்தில் பாதி இடம் மாறிப்போயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் அடைத்து வைக்கப்பட்டு இத்தகைய இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கக்கூடும். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, எல்லை கடத்தி மியாவாடியில் விடப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். நம் பாட்டனார்கள் துணியும் மணியும் விற்கக் கப்பலேறிய அதே பர்மா. அங்கிருந்து அவர்கள் தம் மனைவியருக்கு ஓட்டைப் பற்றி எழுதினார்கள். இன்று யாரோ பெற்ற பிள்ளை, காவல் நிற்பவனுக்கு அஞ்சி, யாரோ ஒரு விதவைக்கு அன்பு மொழி எழுதிக்கொண்டிருக்கிறான். தங்கைக்கு எழுதியவன் இத்தகைய கைதியா, துணிந்த திருடனா என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ போனால் நம் பெரியவர்கள் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள், ஜமாஅத்தில் கேட்பார்கள், பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்கள். இளமையில் அந்த விசாரணை நமக்குச் சற்று அருவருப்பாகக்கூட இருந்தது. வலீயும் சாட்சிகளும் நிக்காஹில் எதற்கு இருக்கிறார்கள் என்று இப்போது யோசிக்கிறோம். உண்மையாக வருபவன் விசாரணைக்கு அஞ்சமாட்டான். ஊரைக் கேள், உறவைக் கேள் என்பான். ஆனால் விசாரிக்க ஒரு பெண் தன் ஆவலை முதலில் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல இயலவேண்டும். அங்கேதான் நாம் சிரித்தோம்.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். எழுபதை எட்டும் வயதில், தங்கையிடம், நம் மனைவி முன்னிலையில். அவர் நெடுநேரம் பேசவில்லை. "தகுந்த இடம் இருந்தா நாங்க விசாரிக்கட்டுமா?" என்று நேராகவே கேட்டோம். "யோசிச்சுச் சொல்றேன் காக்கா" என்றார். இன்னும் சொல்லவில்லை. மகன் அடுத்த விடுமுறையில் வந்தபோது அடகுக் கடைக்குத் தானே போய் வளையல்களை மீட்டு, ஒன்றும் பேசாமல் உம்மாவின் கையில் வைத்தான்.

2024ஆம் ஆண்டு நோன்புக்கு முன்பு, ஓர் அஸர் வேளையில் தங்கை வந்தார். உள்கூடத்தில் நம் மனைவி, மருமகள், பேத்தி எல்லாரும் இருந்தார்கள். கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "ஒரு கடிதம் வந்திருக்கு, வாசிங்க காக்கா" என்றார். தனியாகவா என்று கண்ணால் கேட்டோம். "இங்கேயே வாசிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தோம். யாரோ ஒரு வழக்குரைஞராம். இழந்த பணம் முழுவதையும் மீட்டுத் தருவாராம். முன்கட்டணம் 15,000 ரூபாய் மட்டும் அனுப்ப வேண்டுமாம். வழக்கின் நலன் கருதி இதை வெளியே யாரிடமும் சொல்லலாகாதாம். ஏமாந்தவர்களின் பட்டியலை ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்துக்கு விற்பதுண்டு என்று சைபர் பிரிவில் அந்தப் பெண் காவலர் முன்பே எச்சரித்திருந்தார்.

வாசித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பழைய கடிதக் கதைகளை நம்மிடம் கேட்டே வளர்ந்த பேத்திதான் வாய் திறந்தாள்.

"அவ்வளவுதானா வாப்பப்பா? நமக்கெல்லாம் சலாம் சொல்லலையா?"

தங்கை சிரித்துவிட்டார். பிறகு கைப்பேசியை வாங்கிக்கொண்டு, 1930க்கு எப்படி அழைப்பது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.